விடுதலைக்கு முன்னே வீடு: ராமல்லா எழுப்பும் அறவினா

ராமல்லா எருசலேமுக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 870 மீட்டர் உயரத்தில், மலை முகடுகளின் மேல் பரவியிருக்கும் நகரம். கிழக்கே அல்-பீரே என்ற இரட்டை நகரம் ஒட்டிக்கிடக்கிறது. ஒன்று எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்பது உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமே தெரியும். பாலஸ்தீன ஆணையத்தின் அமைச்சகங்கள், வங்கிகளின் தலைமை அலுவலகங்கள், அயல்நாடுகளின் பிரதிநிதி அலுவலகங்கள், நாடக அரங்குகள், இசைப்பள்ளிகள், இரவு வெகுநேரம் திறந்திருக்கும் உணவகங்கள் எல்லாம் இந்த மலைமேல் குவிந்திருக்கின்றன. ராமல்லா மிக வேகமாக வளர்ந்தது. அந்த வளர்ச்சியே பாலஸ்தீனர்களிடையே ஒரு நீண்ட வாதத்தை எழுப்பியிருக்கிறது. அந்நியப் படையின் பிடி விலகாத மண்ணில் நல்ல வீடு கட்டி, நல்ல சாலை போட்டு, பாட்டும் விருந்துமாக வாழ்வது எதிர்த்து நிற்பதா, இணங்கிப் போவதா? நகரமைப்பு வல்லுநர்கள் தீர்த்துவைக்கும் கேள்வி அல்ல இது. அறத்தையும் சமயத்தையும் தொடாமல் இதற்கு விடை தேட வழியில்லை.

ஊரின் பிறப்பே ஓர் இடப்பெயர்வுக் கதை. பதினாறாம் நூற்றாண்டில் யோர்தானுக்கு அப்பாலிருந்து வந்த ஹத்தாதின் என்ற கிறிஸ்தவக் குலத்தார் இங்கே குடியமர்ந்தார்கள் என்கிறது மரபு. 1869இல் குவேக்கர் சபையார் பெண்களுக்கு ஒரு பள்ளி தொடங்கினார்கள். 1908இல் நகராட்சி அமைந்தது. 1948 ஜூலையில் லித்தாவிலிருந்தும் ராம்லேயிலிருந்தும் விரட்டப்பட்ட பல்லாயிரம் பேர் கோடை வெயிலில் நடந்தே வந்து சேர, அமைதியான கோடைவாச ஊர் ஒரே மாதத்தில் அகதிகளின் நகரமாயிற்று. அடுத்த ஆண்டு அமைந்த அல்-அமாரி முகாம் இன்றும் அல்-பீரேயின் எல்லைக்குள், ராமல்லாவை ஒட்டி இருக்கிறது. கூடாரங்கள் காங்கிரீட் வீடுகளாகிவிட்டன. ஆனால் முகாம் முகாமாகவே நீடிக்கிறது. மக்கள்தொகையில் முஸ்லிம்கள் பெரும்பான்மையான பின்னும் நகராட்சித் தலைவர் பதவி கிறிஸ்தவருக்கே என்ற ஏற்பாடு தொடர்கிறது. 2005 முதல் சில ஆண்டுகள் ஜேனட் மிகாயில் என்ற பெண்மணி அந்தப் பொறுப்பில் இருந்தார். அதற்கு வெகுமுன்பே, 1967இல் இஸ்ரேலியப் படை வந்தது. 1977இல் வடக்கே பெய்த் எல், 1981இல் அல்-பீரேயின் ஜபல் தவீல் குன்றின் மேல் ப்ஸாகோட் என இஸ்ரேலியக் குடியேற்றங்கள் எழுந்தன. நகரத்தின் பல மாடி ஜன்னல்களிலிருந்து அந்தக் குன்று தெரியும்.

அன்றாட வாழ்வின் சாமான்களில், எதிர்ப்பா இணக்கமா என்ற அந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது. வீட்டு மாடிகளில் வரிசையாக நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளை எடுத்துக்கொள்ளலாம். ராமல்லாவில் ஓராண்டில் பெய்யும் மழை லண்டனில் பெய்வதற்குக் குறைந்ததல்ல. ஆனாலும் கோடையில் குழாயில் தண்ணீர் எல்லா நாளும் வருவதில்லை. மலைக்கு அடியிலுள்ள நிலத்தடி நீரில் யாருக்கு எவ்வளவு என்பதை 1995ஆம் ஆண்டின் இரண்டாம் ஓஸ்லோ ஒப்பந்தம் வகுத்தது. புதிய கிணற்றுக்கு, இஸ்ரேல் சரிபாதியாக அமர்ந்திருக்கும் கூட்டுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பற்றாக்குறைக்கு இஸ்ரேலிய நீர் நிறுவனத்திடம் விலை கொடுத்து வாங்க வேண்டும். பணமும் அப்படியே: கடைகளில் புழங்குவது இஸ்ரேலிய ஷெக்கல். இறக்குமதிப் பொருள்களின் தீர்வையை, 1994ஆம் ஆண்டின் பாரிஸ் நெறிமுறையின்படி இஸ்ரேலே வசூலித்து மாதந்தோறும் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். சினம் வரும்போது நிறுத்திவைக்கிறது. மேற்குக் கரையில் கைபேசிக்கு மூன்றாம் தலைமுறை அலைவரிசை கிடைத்ததே 2018 ஜனவரியில்தான். எருசலேமுக்குப் போக கலந்தியா சோதனைச் சாவடியைக் கடக்க வேண்டும். அனுமதிச்சீட்டு இல்லாதவருக்கு 15 கிலோமீட்டர் என்பது எட்டாத தூரம்.

ஓஸ்லோ ஒப்பந்தம் மேற்குக் கரையை மூன்றாகப் பிரித்தது. ஏறத்தாழ 60 விழுக்காடு நிலம் முழுக்க இஸ்ரேலின் கையில் இருக்கும் ‘சி’ பகுதி. ராமல்லாவின் உட்பகுதி, ஆணையத்தின் கையிலுள்ள ‘ஏ’ பகுதி. ஆகவே நகராட்சி தெருவுக்குப் பெயர் வைக்கலாம், பூங்கா அமைக்கலாம், குப்பை அள்ளலாம், விழா எடுக்கலாம். எல்லை, நீர், வான்வெளி, அலைவரிசை, சுங்கம் ஆகியவை அதன் கைக்கு எட்டாதவை. வீட்டுக்குள் சுதந்திரம், வாசலுக்கு வெளியே தடை என்ற இந்த அமைப்பில்தான் ‘வளர்ச்சி’ என்ற சொல் இங்கே பொருள் கொள்கிறது.

இந்த வாதத்தின் மையத்தில் இருப்பது ‘ஸுமூத்’ என்ற கருத்து. மண்ணை விட்டு அகலாமல் ஊன்றி நிற்பது என்பது அதன் உள்ளடக்கம். 1970களில் அது மக்களிடையே வேரூன்றியது. அதன் முதல் உருவம் நகரவாசி அல்ல, ஒலிவ மரத்தடியில் நிற்கும் உழவர். 1978இல் பாக்தாதில் கூடிய அரபு உச்சி மாநாடு, ஊன்றி நிற்பவர்களுக்கு உதவ நிதி ஒதுக்கியது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு நிலக்கிழார்களையும் வசதி படைத்தவர்களையுமே சென்றடைந்தது என்று எண்பதுகளிலேயே கடுமையான விமர்சனம் எழுந்தது. வெறுமனே இருந்த இடத்தில் இருப்பது வேறு, எதிர்ப்பாக மாறும் இருப்பு வேறு என்ற வேறுபாடும் அப்போது பிறந்ததுதான். ராமல்லா வழக்கறிஞரும் எழுத்தாளருமான ராஜா ஷெஹாதே 1982இல் வெளியிட்ட ‘மூன்றாம் வழி’ என்ற நாட்குறிப்பு நூல் அந்தக் கருத்துக்கு மெய்யியல் வடிவம் தந்தது. வாய்மூடிப் பணிவதும் கண்மூடி வெறுப்பதும் ஆகிய இரண்டையும் விலக்கி, மனிதத் தன்மை குலையாமல் நிலைத்திருப்பதை மூன்றாவது தேர்வாக அவர் முன்வைத்தார். பணிவையும் வெறுப்பையும் அவர் ஒரே தட்டில் வைத்தது கவனிக்கத்தக்கது. இரண்டும் ஆக்கிரமிப்பாளருக்கு மனத்தை ஒப்புக்கொடுப்பவை என்பது அவருடைய கணக்கு.

1987 டிசம்பரில் தொடங்கிய முதல் இந்திஃபாதா என்ற மக்கள் எழுச்சி, ஸுமூதை ஒரு துறவறமாகவே ஆக்கியது. கடைகள் நண்பகலில் மூடப்பட்டன. திருமணங்கள் மேளதாளம் இல்லாமல் முடிந்தன. தெருக்குழுக்கள் காய்கறித் தோட்டம் போட்டன. ராமல்லாவுக்குப் பக்கத்திலுள்ள பிர்ஸைத் பல்கலைக்கழகத்தை இராணுவம் 1988 முதல் 1992 வரை மூடிவைத்தபோது, வகுப்புகள் வீட்டுக் கூடங்களில் நடந்தன. அந்தத் தலைமுறைக்குக் கொண்டாட்டம் என்பது களத்தில் விழுந்தவர்களுக்குச் செய்யும் அவமதிப்பாகப் பட்டது. 2002இல் இஸ்ரேலிய டாங்கிகள் ராமல்லாவுக்குள் நுழைந்தன; ஆணையத் தலைவர் யாசர் அராஃபத் அவரது அலுவலக வளாகத்திலேயே முற்றுகையிடப்பட்டார். அதன் பிறகு காற்று மாறியது. 2007இல் பிரதமரான பொருளியலாளர் ஸலாம் ஃபய்யாத், முதலில் அமைப்புகளைக் கட்டுவோம், அரசு பின்னால் வரும் என்ற திட்டத்தை முன்வைத்தார். வெளிநாட்டு உதவி பெருகியது. வங்கிகள் வீட்டுக்கும் காருக்கும் தாராளமாகக் கடன் கொடுத்தன. பிர்ஸைத் சமூகவியலாளர் லீஸா தராகி 2008இல் எழுதிய ஆய்வு இந்த மாற்றத்தை நுட்பமாகப் பதிவுசெய்தது: அடைபட்ட நிலத்தில் ஒரு புதிய நடுத்தர வர்க்கம் தன் ஆசைகளோடு எழுகிறது, தனிமனித முன்னேற்றமும் மகிழ்ச்சியும் ஊன்றி நிற்பதன் இன்னொரு முகமாக நியாயம் பெறுகின்றன.

அப்படியானால் துறவு சரியா, செழிப்பு சரியா? வேதங்களில் இந்தக் கேள்வி புதிதல்ல. இன்னும் சொல்லப்போனால், அதே மலையிலேயே அது ஒருமுறை கேட்கப்பட்டிருக்கிறது. அல்-பீரேயின் தென்விளிம்பில் தெல் அந்-நஸ்பே என்ற மேடு உண்டு. 1926 முதல் 1935 வரை அங்கே அகழாய்வு நடந்தது. அதுவே எபிரேய வேதத்தின் மிஸ்பா என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோன் படை எருசலேமை அழித்தபின், எஞ்சிய மக்களை ஆள கெதலியா என்பவரை நியமித்தது. மிஸ்பாவே அவரது இருக்கை. எரேமியாவின் நூல் அதைச் சொல்கிறது: திராட்சரசமும் பழமும் எண்ணெயும் சேர்த்து, ஊர்களில் குடியிருந்து, பாபிலோன் அரசனுக்குப் பணிந்திருந்தால் நன்மை உண்டாகும் என்று கெதலியா மக்களுக்கு உறுதி கூறினார். சிதறிப்போனவர்கள் மோவாபிலிருந்தும் அம்மோனிலிருந்தும் திரும்பி வந்து மிகுதியாக அறுவடை செய்தார்கள். தீர்க்கதரிசி எரேமியாவும் அங்கேயே தங்கினார். சில மாதங்களில் அரச குலத்தைச் சேர்ந்த இஸ்மவேல், விருந்துண்ணும்போதே கெதலியாவை வெட்டிக் கொன்றான். அஞ்சிய மக்கள் எரேமியாவின் சொல்லை மீறி எகிப்துக்கு ஓடினார்கள். யூதர்கள் இன்றும் கெதலியாவின் நினைவாக நோன்பிருக்கிறார்கள்.

ஆள்பவர் நியமித்த தலைமை, அறுவடையின் வளம், துரோகி என்ற குற்றச்சாட்டு, கொலை, அதன் பின் வெறிச்சோடும் மண் என எல்லா உறுப்புகளும் அந்தப் பழங்கதையில் இருக்கின்றன. ஆனால் அதை இன்றைய ராமல்லாவின் மேல் அப்படியே பொருத்திவிட முடியாது. எரேமியாவுக்குப் பாபிலோன் இறைவன் அனுப்பிய தண்டனை. ஆகவே பணிவது இறைவனுக்குக் கீழ்ப்படிவதே. பாலஸ்தீனக் கிறிஸ்தவ இறையியல் இந்த வாதத்தை ஏற்கவில்லை. எருசலேமைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் போதகர் நயீம் அதீக் 1989இல் எழுதிய நூல் நீதியையே இறைவனின் முதல் அடையாளமாக வைத்தது. 2009 டிசம்பரில் பெத்லகேமில் வெளியிடப்பட்ட ‘கைரோஸ் பாலஸ்தீன்’ அறிக்கை ஆக்கிரமிப்பைப் பாவம் என்றே அழைத்தது. பாவத்துக்குப் பணியச் சொல்ல எந்த வேதத்துக்கும் உரிமை இல்லை. ஆகவே கெதலியாவின் அறிவுரையில் பாதி நிற்கும், பாதி விழும்: குடியிருங்கள், அறுவடை செய்யுங்கள் என்பது நிற்கும், பணிந்திருங்கள் என்பது விழும். இரண்டையும் பிரிக்க முடியுமா என்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

எரேமியாவே வேறோர் இடத்தில் வேறொரு வழி காட்டுகிறார். எருசலேம் முற்றுகைக்குள் இருக்கிறது. அவரோ காவல் முற்றத்தில் கைதி. அப்போது ஆனதோத்தில் உறவினரின் வயலை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கி, சாட்சிகள் வைத்துப் பத்திரம் எழுதி, அதை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். ஆனதோத், எருசலேமுக்கு வடகிழக்கே இன்றுள்ள அனாதா என்ற பாலஸ்தீன ஊரை ஒட்டிய இடம். எதிரி சூழ்ந்திருக்கும் வயலை வாங்குவது வணிகப் பார்வையில் மூடத்தனம். ஆனால் அதில் இலாபமும் இல்லை, யாருடைய தயவும் இல்லை. வருங்காலத்தின் மீது வைக்கப்படும் உரிமைகோரல் அது. நிகழ்காலத்தின் ஆட்சியாளரை அது அங்கீகரிக்கவில்லை.

இஸ்லாமிய மரபிலும் இதற்கு நெருங்கிய ஒரு நபிமொழி உண்டு. உலக முடிவான கியாமத் நாளே வந்துவிட்டாலும், கையில் பேரீச்சங்கன்று இருப்பவர் முடிந்தால் அதை நட்டுவிட வேண்டும் என்பது அதன் சாரம். பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கையை ஒட்டி அல்லாமல், செயலின் நேர்மையை ஒட்டி அது கடமையாகிறது. பெத்லகேமின் லூத்தரன் போதகர் மித்ரி ராஹெப், உலகம் நாளை முடிவதானாலும் இன்று மரம் நடுவது என்ற லூத்தரின் பெயரால் வழங்கும் எண்ணத்தை ஒலிவ மரத்துக்கு மாற்றிச் சொன்னார். பெத்லகேமில் கலைக்கும் கல்விக்குமான நிறுவனங்களை எழுப்பியும் காட்டினார். பொறுமையைக் குறிக்கும் ‘ஸப்ர்’ என்பதும் பாலஸ்தீன முஸ்லிம்களின் வழக்கில் கைகட்டி இருப்பதல்ல. புனித மண்ணில் நிலைத்திருப்பதையே எல்லைக் காவலுக்கு ஒப்பான வழிபாடாகக் கருதும் எண்ணம் அவர்களிடம் ஆழமானது.

இந்த மரபுகள் யாவும் கட்டுவதை ஆதரிக்கின்றன. ஆனால் கன்று நடுவதற்கும் நகரம் கட்டுவதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கன்று நட யாருடைய அனுமதியும் வேண்டாம். நகரம் கட்ட அனுமதி வேண்டும். ராமல்லாவுக்கு வடக்கே உள்ள ரவாபி இந்த வேறுபாட்டை அப்பட்டமாகக் காட்டியது. தொழிலதிபர் பஷார் மஸ்ரி கத்தார் முதலீட்டோடு 2010இல் கட்டத் தொடங்கிய ரவாபி, பாலஸ்தீனர்கள் திட்டமிட்டு எழுப்பிய முதல் நகரம். சுமார் 40,000 பேருக்கு வீடு, 15,000 பேர் அமரும் திறந்தவெளி அரங்கு என்று பெரிய கனவு. ஊருக்கான சாலை ‘சி’ பகுதியைக் கடக்க வேண்டியிருந்தது. அதற்கு இஸ்ரேலின் அனுமதி. தண்ணீர் இணைப்புக்கும் அனுமதி. வீடுகள் தயாராகி நின்றன, வாங்கியவர்கள் காத்திருந்தார்கள், தண்ணீர் வரவில்லை. 2015இல் இணைப்பு கிடைத்த பின்னரே முதல் குடும்பங்கள் குடிபுகுந்தன. இஸ்ரேலிய நிறுவனங்களிடம் பொருள் வாங்கியதற்காக, ஆக்கிரமிப்பை இயல்பாக்குகிறார் என்ற கண்டனம் மஸ்ரி மீது எழுந்தது. குடியேற்றங்களின் பொருளைத் தொடுவதில்லை, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தருகிறோம் என்பது அவர் தரப்பு.

எங்கே சிமென்ட் வாங்கினார் என்பதைவிட ஆழமான சிக்கல் ரவாபியில் உண்டு. கட்டப்படுவது எவ்வளவு பெரியதோ அவ்வளவு அனுமதிகள் தேவை. இழப்பதற்கு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு அச்சமும் இருக்கும். வளர்ச்சியே பிணையாகிவிடும் ஆபத்து இது. ஆக்கிரமிப்பின் அரசியலும் இதை அறியாததல்ல. இஸ்ரேலிய அரசியல் தலைவர் நெதன்யாகு 2008 வாக்கில் பேசிய ‘பொருளாதார அமைதி’, உரிமையைத் தள்ளிப்போட்டு வருமானத்தை முன்னே வைக்கும் திட்டமே. பொருளியலாளர் அமர்த்தியா சென் 1999இல் எழுதிய ‘வளர்ச்சியே சுதந்திரம்’ என்ற நூலின் அடிப்படை வாதம் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது: சுதந்திரம் வளர்ச்சியின் இலக்கு மட்டுமல்ல, அதன் வழியும் அதுவே. அந்த அளவுகோலில், நீர் உரிமை இல்லாத ஊரில் எழும் கண்ணாடிக் கட்டடம் வளர்ச்சிக் கணக்கில் மிகச் சிறிய இடமே பெறும். காஸா குறித்து ஆய்வாளர் ஸாரா ராய் 1980களில் எழுதியபோது, பொருளாதாரம் தானாக நிற்கும் ஆற்றலையே பறிக்கும் நடைமுறையை விவரித்தார். தனிநபர் வருமானம் உயரும்போதே அந்தப் பறிப்பும் நிகழலாம் என்பதே அவரது ஆய்வின் கூர்மை.

மறுபக்கத்துக் கோரிக்கையிலும் ஓர் அறப்பிழை உண்டு. மக்கள் விடுதலை வரும்வரை வாடியே இருக்க வேண்டும் என்று கேட்பது, அவர்களை ஒரு நோக்கத்தின் கருவியாக்குவது. மனிதரை ஒருபோதும் கருவியாக மட்டும் நடத்தாதே என்ற மெய்யியலாளர் காண்டின் நெறிக்கு அது முரண். 1993இல் ராமல்லாவில் தொடங்கிய எட்வர்ட் ஸயீத் இசைப்பள்ளியில் வயலின் பயிலும் குழந்தை, அந்த வயலினுக்கு எந்த அரசியல் காரணமும் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் நடக்கும் குடும்ப விருந்தும், ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமையில் எருசலேமிலிருந்து வரும் புனித நெருப்பைச் சாரணர் மேளத்தோடு எதிர்கொள்ளும் ஊர்வலமும் அப்படியே. மகிழ்ச்சிக்கு மன்னிப்புக் கேட்க வைக்கும் எந்த அறமும் ஆக்கிரமிப்பின் வேலையை எளிதாக்கவே செய்யும்.

எனவே கேள்வியை வேறு இடத்தில் வைக்க வேண்டியிருக்கிறது. கட்டலாமா கூடாதா என்பதைவிட, கட்டியதால் யார் மண்ணில் நிற்க முடிகிறது, யார் நிற்க முடியாமல் போகிறது என்பதே சரியான கேள்வி. அந்த உரைகல்லில் ராமல்லாவின் கணக்கு கலப்பானது. வேலையும் அலுவலகமும் ஒரே மலையில் குவிந்ததால், ஜெனீன் பக்கத்து இளைஞரும் ஹெப்ரோன் பக்கத்துப் பட்டதாரியும் ‘சர்வீஸ்’ என்ற பங்கு வாடகை வண்டி ஏறி இங்கே வந்து வாடகை வீட்டில் தங்குகிறார்கள். அவர்கள் விட்டுவந்த வயல்களில் பல, குடியேற்றங்கள் கண்வைத்திருக்கும் ‘சி’ பகுதியில் இருக்கின்றன. நகரத்துக்குள் நிலம் குறுகியது, விலை ஏறியது, மாடிகள் உயர்ந்தன. தவணைக் கடனில் வாங்கிய அடுக்குமாடி வீடு ஒரு குடும்பத்தை ராமல்லாவில் ஊன்றவைக்கும் அதே வேளையில், அவர்களின் தாத்தாவின் ஒலிவத் தோப்பு கவனிப்பாரற்றுப் போகிறது. ஸுமூதின் முதல் உருவமாக இருந்த உழவரே இந்த வளர்ச்சியில் மெலிந்துபோனார். அல்-அமாரி முகாமின் நெருக்கடியும் சற்றுத் தள்ளியிருக்கும் உணவகங்களின் வெளிச்சமும் அருகருகே இருப்பதை எந்த விளக்கமும் நியாயப்படுத்திவிட முடியாது.

வேறு வழிகளும் அதே நகரத்திலிருந்தே பிறந்தன. கட்டடக் கலைஞர் ஸுஆத் அமிரி 1991இல் ராமல்லாவில் நிறுவிய ‘ரிவாக்’ அமைப்பு, பாலஸ்தீனக் கிராமங்களின் பழைய கட்டடங்கள் 50,000க்கும் மேற்பட்டவற்றைப் பதிவுசெய்தது. பிறகு தெரிந்தெடுத்த ஊர்களின் பழைய மையங்களை உள்ளூர்க் கொத்தனார்களைக் கொண்டே, உள்ளூர்க் கல்லிலேயே சீரமைத்தது. பிர்ஸைத் பழைய ஊரைப் புதுப்பித்த பணிக்கு 2013இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. சிறிய வேலை, குறைந்த அனுமதி, கூலி உள்ளூரிலேயே தங்கியது, கைவிட்ட வீடுகளுக்கு ஆட்கள் திரும்பினார்கள். எரேமியாவின் வயல் பத்திரத்துக்கு இன்றைய வாழ்வில் இணை தேடினால், ரவாபியின் அரங்கைவிட இந்தக் கொத்துவேலையே அதற்கு அருகில் வருகிறது.

2013 இறுதியில் உலக அளவிலான ‘தாங்குதிறன் நகரங்கள்’ திட்டத்துக்கு ராமல்லா தேர்வாயிற்று. தாங்குதிறன் என்ற இந்தச் சர்வதேசக் கருத்து ஸுமூதைப் போலத் தோன்றினாலும் அடிப்படையில் வேறானது. அடியை இயற்கைப் பேரிடர்போல் எடுத்துக்கொண்டு, அடிபட்டவர் எவ்வளவு விரைவில் எழுகிறார் என்று அது அளக்கிறது. ஸுமூத் அடித்தவரைக் கணக்கிலிருந்து விடுவிப்பதில்லை. உதவி நிறுவனங்கள் முன்னதையே விரும்புவது வியப்பல்ல. அதில் யாரையும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை.

2021 நவம்பர் முதல் ஆணையம் தன் ஊழியர்களுக்கு முழுச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. 2023 அக்டோபருக்குப் பின் இஸ்ரேலில் வேலை செய்துவந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்குக் கரைத் தொழிலாளர்களின் அனுமதி நின்றது. வரிப்பணமும் பெருமளவு பிடித்துவைக்கப்பட்டது. சம்பளத்தை நம்பித் தவணை கட்டியவர்களே முதலில் தள்ளாடினார்கள். வளர்ச்சி பிணையாகும் என்ற அச்சம் வெறும் வாதமாக இல்லாமல் மாதாந்திர வீட்டுக் கணக்கில் வந்து நின்றது. 2024 ஜூலை 19 அன்று சர்வதேச நீதிமன்றம், ஆக்கிரமிப்பு நிலத்தில் இஸ்ரேல் நீடிப்பது சட்டவிரோதம் என்று கருத்துரை வழங்கியது; நிலத்தையும் நீரையும் கையாளும் விதத்தையும் அதில் ஆராய்ந்தது. சட்டத்தின் தளத்தில், அனுமதி கொடுப்பவருக்கு அந்த அதிகாரமே இல்லை என்பது இதனால் தெளிவாயிற்று. நடைமுறையில், ராமல்லாவைச் சுற்றியுள்ள ஓர் ஊருக்குப் புதிய கிணறு தோண்ட வேண்டுமானால் இன்றும் அதே அனுமதிக்கே விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது.